ஊர்ப் பெயரும் கடைப் பெயரும்: திண்டுக்கல்லின் பிரியாணி வழக்குகள்

திண்டுக்கல்லில் 1957ஆம் ஆண்டு நாகசாமி நாயுடு தொடங்கிய உணவகத்தின் பெயர் ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல். சாப்பிட வந்தவர்கள் அந்தப் பெயரை அதிகம் சொல்லவில்லை. நாயுடு தலையில் தலப்பா கட்டியிருப்பார். அதனால் கடை தலப்பாக்கட்டி நாயுடு கடை ஆயிற்று. பிறகு 'நாயுடு'வும் உதிர்ந்து தலப்பாக்கட்டி மட்டும் நின்றது. அரை நூற்றாண்டு கழித்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குக்கு வந்தது வாடிக்கையாளர்கள் சூட்டிய இந்தப் பெயர்தான். உணவுப் பொருள் தயாரிப்பாளர்களுக்கு இடையே நடக்கும் வணிகச் சின்ன வழக்குகளில் நீதிமன்றம் எதைக் காக்கிறது, எதைக் காக்க மறுக்கிறது, தடை உத்தரவு என்ற ஆயுதம் எப்படி வேலை செய்கிறது என்பதையெல்லாம் இந்த ஒரு பெயரை வைத்தே விளக்கிவிடலாம்.

திண்டுக்கல் பிரியாணிக்கு ஊர் கொடுத்த சரக்கு அதிகம். சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைத்தொடருக்கும் இடைப்பட்ட சமவெளி மழை குறைந்த நிலம். ஆடு வளர்ப்பு இங்கே பழைய தொழில். அய்யலூர், கன்னிவாடி போன்ற ஊர்களின் ஆட்டுச் சந்தைகள் பெயர் பெற்றவை. ஹைதர் அலி 1755இல் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக வந்த பிறகு இங்கே முஸ்லிம் குடியிருப்புகள் பெருகின. பேகம்பூரிலும் நாகல் நகரிலும் தோல் ஷாப்புகள் வளர்ந்தன. தோலுக்கு ஆடு வேண்டும், ஆடு அறுத்தால் கறி மிஞ்சும். ஆகக் கறி நகரத்தில் எப்போதும் கிடைத்தது. பாஸ்மதி வாங்காமல் சீரகச் சம்பாவில் சமைத்ததும், கறியைச் சிறு துண்டுகளாக நறுக்கியதும் திண்டுக்கல் பாணியாயின. ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீர்தான் ருசிக்குக் காரணம் என்று சொல்லாத திண்டுக்கல்காரரைக் காண்பது அரிது.

பெயரை நம்பிச் சரக்கு வாங்கும் வழக்கம் இந்த ஊருக்குப் பிரியாணியோடு வந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே திண்டுக்கல் சுருட்டு கடல் தாண்டிப் போனது. சென்னையின் ஸ்பென்சர் கம்பெனி இங்கே சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. அங்குவிலாஸ் போயிலை தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த பெயராயிற்று. பூட்டுக்கு ஊர்ப் பெயரே முத்திரை. போயிலையும் பூட்டும் விற்ற ஊரில் வாங்குபவர் லேபிளையும் படத்தையும் பார்த்தே பொருளை அடையாளம் கண்டார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படமும் நிறமும்தான் பெயர்.

அந்த அடையாளத்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்தியச் சட்டம் மெதுவாகத்தான் பதில் சொன்னது. 1940 வரை வணிகச் சின்னத்தைப் பதிவு செய்யச் சட்டமே இல்லை. ஆனால் தடை உத்தரவு அதற்கு முன்பே இருந்தது. 1877ஆம் ஆண்டின் குறித்தவகைப் பரிகாரச் சட்டம், 54ஆம் பிரிவின் நோக்கத்துக்கு வணிகச் சின்னமும் ஒரு சொத்தே என்று விளக்கம் எழுதி வைத்தது. சொத்து என்றால் அதில் அத்துமீறுபவரைத் தடுக்கலாம். 1889இல் வந்த வணிகப் பொருள் அடையாளச் சட்டம் பொய்யான முத்திரையைக் குற்றமாக்கியது. 1940ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம்தான் முதன்முதலில் பதிவேடு திறந்தது. அதன் இடத்துக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 1959 நவம்பர் 25 முதல் நடைமுறையில் இருந்தது. இப்போதுள்ள சட்டம் 1999இல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது.

உணவகங்களின் வரலாற்றில் அந்த 2003ஆம் ஆண்டுக்குத் தனி இடம் உண்டு. பழைய சட்டத்தில் பொருள்களுக்கு மட்டுமே சின்னம் பதியலாம். பிஸ்கட் பொட்டலத்துக்கும் மசாலாப் பாக்கெட்டுக்கும் பதிவு கிடைக்கும். இலை போட்டுப் பரிமாறும் ஓட்டலுக்குக் கிடையாது, ஏனென்றால் அது சேவை. 1999ஆம் ஆண்டுச் சட்டம்தான் சேவைகளையும் உள்ளே கொண்டுவந்தது. உணவு பரிமாறும் சேவை இன்று 43ஆம் வகுப்பில் பதிவாகிறது. ஆக, நாகசாமி நாயுடுவின் ஓட்டல் தன் முதல் 46 ஆண்டுகளிலும் ஓட்டல் என்ற முறையில் தன் பெயரைப் பதிவு செய்திருக்கவே முடியாது. உணவகப் பெயர் வழக்குகள் புதிய நூற்றாண்டில் பெருகியதற்கு இது ஒரு காரணம். மதுரை, திண்டுக்கல் உணவகங்கள் சென்னைக்கும் கோவைக்கும் கிளை பரப்பத் தொடங்கியது இன்னொரு காரணம். ஒரே ஊரில் ஒரே கடையாக இருந்தவரை தலப்பாக்கட்டி என்றால் எது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பதிவு இல்லாதவருக்கும் ஒரு வழி இருந்தது, இன்றும் இருக்கிறது. வழக்கறிஞர்கள் அதைப் பாஸிங் ஆஃப் என்கிறார்கள்: தன் சரக்கைப் பிறர் சரக்கு என்று நம்பவைத்து விற்பதைத் தடுக்கும் பழைய ஆங்கிலப் பொதுச்சட்டப் பரிகாரம் அது. இன்றைய சட்டத்தின் 27ஆம் பிரிவும் அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறது. வாதி மூன்றைக் காட்ட வேண்டும். தன் பெயருக்குச் சந்தையில் மதிப்பு இருக்கிறது, எதிரியின் செயல் வாங்குபவரை ஏமாற்றக்கூடியது, அதனால் தனக்கு நட்டம் வந்தது அல்லது வரும்.

இந்தப் பரிகாரத்தின் எல்லையைத் தீர்மானித்த வழக்குகளில் ஒன்று தொட்டுக்கொள்ளும் சாஸ் ஒன்றைப் பற்றியது. இங்கிலாந்தில் பவல் என்பவரின் நிறுவனம் பல ஆண்டுகளாக 'யார்க்‌ஷயர் ரெலிஷ்' என்ற பெயரில் ஒரு சாஸ் விற்றுவந்தது. பர்மிங்காம் வினிகர் புரூவரி என்ற நிறுவனமும் அதே பெயரில் தன் சாஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. யார்க்‌ஷயர் ஊர்ப் பெயர், ரெலிஷ் பண்டத்தின் பெயர். பவல் யாரென்று வாங்குபவர் பலருக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் 1897இல் பிரபுக்கள் சபை பவலின் பக்கம் நின்றது. தயாரித்தவர் பெயர் வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்தப் பெயர் கொண்ட பண்டம் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று அவர் நம்பினால் போதும். பிரியாணி வழக்குகளுக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடி இல்லை. சென்னையில் தலப்பாக்கட்டி பிரியாணி கேட்பவருக்கு நாகசாமி நாயுடுவைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இந்திய உச்ச நீதிமன்றம் உணவுச் சின்னங்களைப் பற்றிச் சொன்ன முதல் பெரிய தீர்ப்பு 1959இல் வந்தது. கார்ன் புராடக்ட்ஸ் நிறுவனம் 'குளுக்கோவிட்டா' என்ற பெயரில் குளுக்கோஸ் தூள் விற்றது. சாங்ரிலா ஃபுட் புராடக்ட்ஸ் தன் பிஸ்கட்டுக்கு 'குளுவிட்டா' என்று பதிவு கேட்டது. அது தடை உத்தரவு வழக்கல்ல, பதிவை எதிர்த்த வழக்கு. என்றாலும் அங்கே வகுத்த அளவுகோல்தான் பின்னால் தடை உத்தரவுகளையும் ஆண்டது. சாதாரண அறிவுள்ள ஒருவர், பெயரை அரைகுறையாக நினைவு வைத்திருப்பவர், கடையில் நிற்கும்போது குழம்புவாரா? தூளும் பிஸ்கட்டும் வேறு வேறு பண்டம் என்ற வாதம் எடுபடவில்லை. குளுக்கோஸ் போட்டுத்தான் பிஸ்கட்டும் செய்கிறார்கள், இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்று மக்கள் நினைப்பார்கள் என்றது நீதிமன்றம்.

1972இல் பார்லே வழக்கு அந்த அளவுகோலைப் பெயரிலிருந்து பொட்டலத்துக்கு நகர்த்தியது. பார்லேயின் குளுக்கோ பிஸ்கட் உறையில் பண்ணைக் காட்சி: ஒரு பெண், பசுக்கள், கோழிகள். மைசூரைச் சேர்ந்த ஜே.பி. அண்ட் கோ விற்ற பிஸ்கட்டின் உறையும் ஏறத்தாழ அதே தோற்றம். விசாரணை நீதிமன்றமும் மைசூர் உயர் நீதிமன்றமும் பார்லேக்கு எதிராகத் தீர்த்தன; வேறுபாடுகளை எண்ணிக் காட்டினால் நிறையவே இருந்தன. உச்ச நீதிமன்றம் அந்த எண்ணும் முறையையே தள்ளிவிட்டது. இரண்டு உறைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவர் நீதிபதிதான். பிஸ்கட் வாங்கும் ஆள் அப்படி ஒப்பிடுவதில்லை, முன்பு பார்த்ததன் மங்கிய நினைவோடு வருகிறார். முக்கியக் கூறுகள் ஒத்துப்போகின்றனவா என்பதே கேள்வி. பார்லேக்கு நிரந்தரத் தடை கிடைத்தது. இந்தத் தீர்ப்பு சட்டப் புத்தகத்தில் இருக்கும் பல தீர்ப்புகளைவிடக் கடைவீதியை நன்றாக அறிந்தது.

தடை உத்தரவின் நடைமுறை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 39இல் இருக்கிறது. சட்டத் தமிழில் அதை உறுத்துக் கட்டளை என்பார்கள். திண்டுக்கல் கோர்ட் வாசலில் 'ஸ்டே வாங்கியாச்சு' என்பார்கள். வாதி வழக்கோடு சேர்த்து இடைக்கால மனுவும் போடுகிறார். நீதிபதி மூன்றைப் பார்க்கிறார். முதல் பார்வைக்கு வழக்கில் பொருள் இருக்கிறதா. தடை கொடுத்தால் யாருக்கு அதிகக் கஷ்டம், கொடுக்காவிட்டால் யாருக்கு. பின்னால் பணமாகக் கொடுத்து ஈடுகட்ட முடியாத நட்டம் வருமா. மூன்றாவதில் உணவு வழக்குகள் எப்போதும் வலுவாக நிற்கும். ஒரு கடைக்குப் போய்க் கெட்ட கறி சாப்பிட்டவர் அந்தப் பெயர் கொண்ட எந்தக் கடைக்கும் திரும்ப வரமாட்டார். இழந்த வாடிக்கையாளர் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டு நட்டஈடு கேட்க முடியாது.

அவசரம் என்றால் எதிரிக்கு நோட்டீஸ் போவதற்கு முன்பே ஒருதலைப்பட்சமாக இடைக்காலத் தடை கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்கிறது விதி 3. முப்பது நாளுக்குள் அந்த மனுவை முடித்துவைக்க முயல வேண்டும் என்கிறது விதி 3ஏ. வழக்கு வரும் என்று எதிர்பார்ப்பவர் முன்கூட்டியே கேவியட் மனு போட்டு, தன்னைக் கேட்காமல் தடை கொடுக்காதபடி பார்த்துக்கொள்ளலாம். அதன் ஆயுள் 90 நாள். நீதிமன்றம் ஒரு வழக்கறிஞரைக் கமிஷனராக நியமித்து, கடைக்கே அனுப்பி, லேபிள்களையும் பொட்டலங்களையும் கணக்கெடுத்துச் சீல் வைக்கச் சொல்லலாம். போலி செய்பவர் யாரென்றே தெரியாதபோது 'அசோக் குமார்' என்ற கற்பனைப் பெயரை எதிரியாகப் போட்டு உத்தரவு வாங்கும் வழக்கமும் இந்திய நீதிமன்றங்களில் உண்டு.

சட்டப்படி இடைக்காலத் தடை என்பது வழக்கு முடியும்வரை நிலைமையைக் காப்பாற்றும் ஏற்பாடு மட்டுமே. உணவுத் தொழிலில் அது பெரும்பாலும் தீர்ப்பாகவே ஆகிவிடுகிறது. தடை வந்த மறுநாள் பெயர்ப் பலகையை மாற்ற வேண்டும். பில் புத்தகம், பார்சல் பை, சுவர் விளம்பரம், டெலிவரிச் செயலியில் உள்ள பெயர் என்று எல்லாம் மாற வேண்டும். விசாரணை முடியப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் கடை புதிய பெயரில் பழகிவிடும், பழைய பெயருக்காகப் போராடப் பணமும் ஆர்வமும் மிஞ்சாது. இதனால்தான் இடைக்கால மனுவில் இரு தரப்பும் முழு வழக்கையும் நடத்துவது போல வாதாடுகின்றன. மேல்முறையீடு செய்தாலும் வழி குறுகல். 1990இல் வாண்டர் எதிர் ஆண்டாக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், முதல் நீதிபதி தன் விருப்புரிமையை நியாயமாகப் பயன்படுத்தியிருந்தால், தான் வேறுவிதமாக முடிவெடுத்திருப்பேன் என்பதற்காக மேல்முறையீட்டு நீதிமன்றம் தலையிடக் கூடாது என்று சொல்லிவிட்டது. முதல் மனுவே கடைசி வாய்ப்பாக ஆகிவிடும் நிலையில், ஒருதலைப்பட்ச உத்தரவை முப்பது நாளுக்குள் மறுபரிசீலிக்கும் விதி வெறும் சடங்காக நழுவிவிடக் கூடாது. சின்னக் கடைக்காரருக்கு அது முக்கியமான பாதுகாப்பு.

திண்டுக்கல் தலப்பாக்கட்டி, அடுத்த தலைமுறையினர் கையில் தலப்பாக்கட்டி ஓட்டல்ஸ் பிரைவேட் லிமிடெட் ஆகி, 2000களின் இறுதியில் சென்னையில் கிளைகள் திறந்தது. பிறகு பிற மாநிலங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போனது. சென்னையில் ஏற்கெனவே 'தலப்பாக்கட்டு' என்ற எழுத்தில் பிரியாணிக் கடைகள் இருந்தன. திண்டுக்கல் நிறுவனம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பெயரைப் பயன்படுத்தத் தடை கேட்டு, தடை பெற்றது.

இத்தகைய வழக்கில் எழும் கேள்விகள் எளியவை அல்ல. முதலாவது, பலகையில் எழுதாத பெயருக்கு உரிமை உண்டா? ஆனந்த விலாஸ் என்று தானே பெயர் வைத்துக்கொண்டவர், ஊரார் வைத்த பட்டப் பெயரைத் தனதென்று கேட்கலாமா? இதற்கு அமெரிக்காவில் ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. கோகோ கோலாவை மக்கள்தான் 'கோக்' என்று சுருக்கிக் கூப்பிட்டார்கள். அதே ஒலி வரும்படி எழுத்தை மட்டும் மாற்றி இன்னொரு நிறுவனம் பானம் விற்றபோது, 1920இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்த ஒலி வாங்குபவர் மனத்தில் எந்தப் பண்டத்தை நிறுத்துகிறது என்பதுதான் முக்கியம். பாஸிங் ஆஃப் சட்டத்தின் அடிப்படையே இதுவாகையால் திண்டுக்கல் கடைக்கும் இதுவே பொருந்துகிறது. ஒரு பெயரைச் சொன்னவுடன் மக்கள் எந்தக் கடையை நினைக்கிறார்களோ, அந்தக் கடைக்கே அதன் மதிப்பு சேரும். பல பத்தாண்டு உழைப்பால் சேர்ந்த மதிப்பு அது. வெளியூரில் யாரோ ஒரு பெயின்டரைக் கூப்பிட்டு எழுதிக்கொள்ளும் சொல் இல்லை.

இரண்டாவது, 'கட்டி'யும் 'கட்டு'வும் ஒன்றா? எழுத்தில் ஒரு உயிர் மாறியிருக்கிறது. பேச்சில் அந்த வேறுபாடு காதில் நிற்பதே இல்லை. இன்றைய சட்டத்தின் 29ஆம் பிரிவின் 9ஆம் உட்பிரிவு, சொற்களால் ஆன சின்னத்தை வாயால் சொல்வதும் அத்துமீறலாகலாம் என்கிறது. பிரியாணி வாங்கும் பேச்சு பெரும்பாலும் வாய்ப் பேச்சு: 'தலப்பாக்கட்டுல ரெண்டு மட்டன் பார்சல்' என்று தம்பியை அனுப்பும் அண்ணன் பலகையில் கடைசி எழுத்து இகரமா உகரமா என்று சொல்லி அனுப்புவதில்லை.

மூன்றாவது கேள்வியே கனமானது. தலப்பா தமிழ்நாட்டில் யாரும் கட்டுவது; விவசாயி கட்டுகிறார், மாப்பிள்ளை கட்டுகிறார். பொதுச் சொல்லை ஒருவர் வேலி போட்டுக்கொள்ளலாமா? சட்டத்தின் விடை, அந்தச் சொல் பண்டத்தை விவரிக்கிறதா என்பதைப் பொறுத்தது. 'சீரகச் சம்பா பிரியாணி' என்றால் அரிசியை விவரிக்கிறது. யாரும் அதைத் தனதாக்க முடியாது. தலப்பா என்ற சொல் பிரியாணியின் எந்தக் கூறையும் சொல்வதில்லை. அரிசியையோ கறியையோ சமைக்கும் முறையையோ அது குறிக்கவில்லை. பண்டத்தோடு தொடர்பில்லாத பொதுச் சொல்தான் சின்னமாக மிக வலுவாக நிற்கும்.

எதிர்த்தரப்புக்குச் சட்டம் கொடுக்கும் கேடயங்களும் உண்டு. 34ஆம் பிரிவின்படி, பதிவு செய்தவருக்கும் முன்பிருந்தே தொடர்ந்து அதே பெயரில் தொழில் செய்தவரை அசைக்க முடியாது. இந்தியச் சட்டத்தில் பதிவேட்டைவிட முதல் பயன்பாட்டுக்கே மதிப்பு அதிகம். 35ஆம் பிரிவின்படி, தன் சொந்தப் பெயரை நேர்மையாகப் பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது. 33ஆம் பிரிவின்படி, பிறகு பதிவான ஒரு சின்னத்தின் பயன்பாட்டைத் தெரிந்தே ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து விட்டுவைத்த பழைய உரிமையாளர், அந்தப் பதிவு தீய எண்ணத்தோடு பெறப்பட்டதாக இருந்தாலன்றி, அதை எதிர்க்கும் உரிமையை இழக்கிறார். இதனால்தான் பெரிய உணவு நிறுவனங்கள் சின்னக் கடைகளுக்குக்கூட விடாமல் வக்கீல் நோட்டீஸ் அனுப்புகின்றன. வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது கெடுபிடியாகத் தெரியலாம். சும்மா இருப்பது சம்மதமாகிவிடும் என்ற பயமே அதன் பின்னால் இருக்கிறது.

தலப்பாக்கட்டி ஒரு கடைக்கு உரியதானால், 'திண்டுக்கல்' யாருக்கு? ஊர்ப் பெயர் எவருக்கும் தனியுரிமை ஆவது அரிது. 9ஆம் பிரிவு, பண்டம் பிறந்த இடத்தை மட்டும் குறிக்கும் சொல்லைப் பதியக் கூடாது என்கிறது. விண்ணப்பத்துக்கு முன்பே அது தனி அடையாளம் பெற்றிருந்தால் மட்டுமே விலக்கு. 1977இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் 'சிம்லா' என்ற பெயரைச் சிகரெட்டுக்குப் பதிய மறுத்தது. 30ஆம் பிரிவு, பண்டத்தின் வகையையோ பிறந்த இடத்தையோ சொல்வதற்காகப் பயன்படுத்துவதை அனுமதிக்கிறது. திண்டுக்கல் பாணியில் சமைக்கும் எவரும் திண்டுக்கல் பிரியாணி என்று எழுதலாம். தாம்பரத்திலோ திருப்பூரிலோ அப்படி ஒரு பலகை நின்றால், திண்டுக்கல்லின் எந்தக் கடையும் அந்த ஒரு சொல்லுக்காகத் தடை வாங்குவது கடினம். பிரியாணியை ஊரின் பெயரால் அறியப்படும் பண்டமாக்கியவர்கள் அந்த ஊரின் பல சமையல்காரர்கள். அந்தப் பெயர் பொதுவில் இருப்பதுதான் நியாயம்.

புகழ்ச் சொற்களின் கதையும் இதுவே. ஐ.டி.சி.யின் 'யிப்பீ' நூடுல்ஸில் 'மேஜிக் மசாலா' என்று இருந்தது; நெஸ்லே தன் மேகியில் 'மேஜிக்கல் மசாலா' என்று போட்டது. 2013இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய அந்த வழக்கில் 2020 ஜூனில் ஐ.டி.சி. தோற்றது. மேஜிக் என்பது ருசியைப் புகழும் சொல், மசாலா பண்டத்தின் பெயர். இரண்டையும் சேர்த்தாலும் ஒருவருக்கு உரியதாகாது என்பதே தீர்ப்பின் சாரம். உறையின் நிறமும் அப்படியே எளிதில் கிடைத்துவிடாது. ஐ.டி.சி.யின் மஞ்சள்–நீல பிஸ்கட் உறைக்கு ஒத்த உறையை பிரிட்டானியா பயன்படுத்துவதற்கு எதிராக 2016இல் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தடை கொடுத்தார். 2017 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. மேல்முறையீட்டில் தடை உடைந்த அரிய எடுத்துக்காட்டு அது. சந்தைக்கு வந்து சில மாதங்களே ஆன உறைக்கு நிறத்தின் பேரில் அடையாளம் சேர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது என்று அமர்வு கருதியது. தலப்பாக்கட்டிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தெரிகிறது: ஒன்றின் பின்னால் அரை நூற்றாண்டு, மற்றதன் பின்னால் சில மாதங்கள்.

ஊர்ப் பெயரைத் தனியாருக்கு விடாமல், அதே சமயம் வெளியூர்ப் போலிகளிடமிருந்து காக்கவும் வேண்டும் என்றால் அதற்கு வேறு சட்டம். புவிசார் குறியீட்டுச் சட்டமும் வணிகச் சின்னச் சட்டத்தைப் போலவே 1999இல் இயற்றப்பட்டு, அதே 2003 செப்டம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பதிவகம் சென்னையில் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டம் அதை நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறது. விருப்பாச்சி, சிறுமலை மலைவாழைகளுக்குக் குறியீடு உண்டு. 2019இல் பழனிப் பஞ்சாமிர்தம், கொடைக்கானல் மலைப்பூண்டு, திண்டுக்கல் பூட்டு ஆகியவையும் சேர்ந்தன. தமிழ்நாட்டுக் கோயில் பிரசாதங்களில் முதலில் குறியீடு பெற்றது பழனிப் பஞ்சாமிர்தமே.

பஞ்சாமிர்தத்தின் நிலை பிரியாணியிலிருந்து வேறு. வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் எல்லாம் சேர்ந்து தண்ணீர் விடாமல் செய்யும் அந்தப் பண்டத்தைத் தேவஸ்தானம் செய்கிறது. அடிவாரத்தில் தனியார் கடைகளும் தங்கள் தங்கள் பெயரில் விற்கின்றன. கடையின் பெயர் வணிகச் சின்னம், பண்டத்தின் பெயர் புவிசார் குறியீடு. ஒரு கடைக்காரர் இன்னொருவரின் கடைப் பெயரைத் திருடினால் பாஸிங் ஆஃப் வழக்கு வரும். பழனியோடு தொடர்பே இல்லாத எவரும் பழனிப் பஞ்சாமிர்தம் என்று விற்றால், குறியீட்டின் உரிமையாளரும் அதிகாரம் பெற்ற பயனாளர்களும் வழக்குத் தொடுக்கலாம். ஒரே டப்பாவில் இரண்டு உரிமைகள்.

வழக்கை எங்கே போடுவது என்பதும் திண்டுக்கல் நிறுவனங்களுக்கு லேசான கேள்வி இல்லை. 134ஆம் பிரிவின்படி, பதிவு பெற்ற சின்னத்துக்காக வழக்குப் போடுபவர் தான் தொழில் நடத்தும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். எதிரி எங்கிருந்தாலும் சரி. சென்னையில் கிளை இருந்தால் அங்கேயும் போடலாம் என்ற நிலை பல ஆண்டுகள் இருந்தது. 2015இல் சஞ்சய் தாலியா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் சுருக்கியது: தலைமையிடம் இருக்கும் ஊரிலேயே வழக்குக்கான காரணமும் எழுந்திருந்தால், வேறு ஊர்க் கிளையைக் காட்டி அங்கே போகக் கூடாது. எதிரியைத் தொலைதூரத்துக்கு இழுத்தடிப்பதற்காகக் கொடுத்த சலுகை அல்ல இது என்பதே காரணம். பாஸிங் ஆஃப் வழக்குக்கு 134ஆம் பிரிவின் இந்தச் சலுகை கிடையாது. எதிரி இருக்கும் இடத்துக்கோ ஏமாற்று நடந்த இடத்துக்கோ போக வேண்டும். பதிவு செய்துகொள்வதன் பெரிய லாபங்களில் ஒன்று இது.

திண்டுக்கல்லின் மேல்முறையீடுகள் 2004 ஜூலை 24இல் திறக்கப்பட்ட மதுரை அமர்வுக்குப் போகின்றன. சென்னை நகர எல்லைக்குள் எழும் பெரிய மதிப்புள்ள வழக்குகளை உயர் நீதிமன்றமே முதல் நீதிமன்றமாக விசாரிக்கிறது. 2023இல் அங்கே அறிவுசார் சொத்துரிமைக்குத் தனிப் பிரிவு அமைந்தது. 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டத்தில் 2018இல் செய்த திருத்தத்தின்படி, அவசரப் பரிகாரம் கேட்காத வழக்குகளில் முதலில் சமரச முயற்சி கட்டாயம். தடை கேட்டால் நேரே நீதிமன்றத்துக்கு வரலாம். சமரசத்தைத் தவிர்ப்பதற்காகவே தடை கேட்பது போல நடிப்பதை நீதிமன்றம் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்று 2023இல் யாமினி மனோகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பலகையின் ஓர் எழுத்தைப் பற்றிய சண்டைகளில் பாதி சமரச மேசையிலேயே முடியக்கூடியவை என்பதால் இது நல்ல ஏற்பாடு.

தடை உத்தரவை மதிக்காமல் பழைய பலகையையே வைத்திருந்தால், கட்டளை 39இன் விதி 2ஏ படி சொத்தை ஜப்தி செய்யலாம். மூன்று மாதம்வரை உரிமையியல் சிறையிலும் அடைக்கலாம். சின்னத்தின் பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். கட்டணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போனால் அதற்கு முடிவில்லை. திண்டுக்கல்லில் சொந்தப் பெயரில் ஊறுகாயோ மசாலாவோ பிரியாணியோ விற்பவர், முதல் பில்லையும் முதல் விளம்பர நோட்டீசையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் பயன்படுத்தியவர் யார் என்று நீதிமன்றம் கேட்கும்போது சாட்சி சொல்வது அந்தத் தாள்கள்தான்.